வெளுத்துப் போன பெட்டூனியா

மாணவர் பேரவைச் செயலாளர் வகுப்புக்கு வந்து, "ஆண்டு மலருக்கு ஆளுக்கு ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்று கேட்டபோது, என் பக்கத்துத் தோழிகள் எல்லோரும் கவிதை என்று பெயர் கொடுத்தார்கள். எனக்குக் கவிதை வராது. கட்டுரையும் பத்தாம் வகுப்பில் மார்க்குக்காக எழுதியதோடு சரி. ஆனாலும் ஒரு பூவைப் பற்றி எழுத வேண்டும் என்று மனதில் ரொம்ப நாளாக இருந்தது. பூவைப் பற்றி என்றதும் வர்ணனை என்று நினைத்து விடாதீர்கள் நண்பர்களே! இது ஒரு சாயப்பட்டறைக்காரர் வீட்டுக் கதை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா மூன்றாம் வகுப்பு. அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. மூலனூர்ப் பக்கம் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது. மழை இல்லாமல் போகவே அப்பா திருப்பூருக்கு வந்து சாயப்பட்டறையில் சேர்ந்தார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். ஐந்து வீட்டுக்கு ஒரே பைப் உள்ள லைன் வீட்டில்தான் நான் வளர்ந்தேன்.

அப்பாவின் நகக் கண்ணைப் பார்த்தால் அன்றைக்கு என்ன ஷேடு ஓடியது என்று சொல்லி விடலாம். நேவி ஓடினால் நீலம், மெரூன் ஓடினால் சிவப்பு. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் எனக்கு நிறங்களின் பெயர் தெரிந்தது.

2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. எனக்கு அப்போது நான்கு வயது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேருகிற நொய்யல் ஆறு, இந்த ஊரைத் தாண்டும்போது கலர் கலராக ஓடியது. சாயத்தை விடவும் பெரிய கெடுதல் உப்பு. சாயம் ஏற்றப் போட்ட உப்பு தண்ணீரோடு போய், 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணற்றையும் காட்டையும் கெடுத்து விட்டது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனது நியாயம்தான். இங்கே அப்பாவுக்கு வேலை போனதும் நிஜம்தான். அந்த வருடம் அப்பா லாரியில் மூட்டை ஏற்றினார். கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே போகாதபடி சுத்தம் செய்து, உப்பையும் பிரித்தெடுக்கும் ஏற்பாடு செய்த ஆலைகள் ஒவ்வொன்றாகத் திறந்த பிறகுதான் மறுபடியும் சாய வேலை கிடைத்தது.

அப்போதே அப்பா முடிவு செய்து விட்டாராம். "சாயத்தண்ணிக்குள்ள கைய உடறது என்னோட போவட்டும். இவ அதப் பத்திப் படிச்சுப்போட்டு ஆபீசு ரூமுக்குள்ள போவோணும்." அதனால்தான் நான் டெக்ஸ்டைல் பிராசஸிங் எடுத்தேன்.

சரி, பூவுக்கு வருகிறேன்.

முதல் வருடம் கல்லூரிச் சுற்றுலாவில் ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவுக்குப் போனோம் அல்லவா? 1848-ல் தொடங்கிய பூங்கா அது. அங்கே வரிசையாகத் தொட்டிகளில் ஊதாவும் ரோஸுமாக, புனல் மாதிரி வாய் விரிந்த பூக்கள் இருந்தன. எல்லோரும் அதன் முன் நின்று போட்டோ எடுத்தார்கள். பலகையில் 'பெட்டூனியா' என்று எழுதியிருந்தது. அடுத்த வருடம் மார்கழியில் அதே பூ, எங்கள் வீதிக்கு வந்த செடி வண்டியில் கறுப்புப் பிளாஸ்டிக் கவரில் உட்கார்ந்திருந்தது! விலை 40 ரூபாய். அம்மா 30-க்குக் கேட்டு 35-க்கு வாங்கிக் கொடுத்தார்.

"குளிர் காலம் வரைக்குந்தானுங்க. பங்குனி வெயிலுக்குத் தாங்காது" என்று வண்டிக்காரர் உண்மையைச் சொல்லித்தான் கொடுத்தார்.

செடியைத் தொட்டுப் பார்த்த எங்கள் அம்முச்சி ஒரு வார்த்தை சொன்னார். "இதென்ன கண்ணு, பொகையிலைத் தழையாட்டப் பிசுபிசுங்குது?" அம்முச்சி இளம் வயதில் தாராபுரம் பக்கம் புகையிலைக் காட்டு வேலைக்குப் போனவர். நான் சிரித்து விட்டேன். பிறகு நூலகத்தில் புத்தகத்தைப் பார்த்தால் அம்முச்சி சொன்னதுதான் சரி! பெட்டூனியாவும் புகையிலையும் ஒரே குடும்பம். 'பெட்டூன்' என்பதே தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் புகையிலைக்கு வைத்திருந்த பெயராம். கத்தரிக்காய், தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, வேலியோரத்து ஊமத்தை எல்லாமே அந்தக் குடும்பத்துப் பங்காளிகள்தான். தென் அமெரிக்கக் காட்டில் வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு வகை உண்டு. இரவில் மணக்கும், அந்துப்பூச்சி தேடி வரும். ஊதாப் பூப் பூக்கும் இன்னொரு வகை உண்டு. அதற்குத் தேனீ வரும். 1830-களில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இரண்டையும் கலந்து உண்டாக்கிய ஒட்டு வாரிசுதான் இன்று தொட்டியில் பூப்பது.

பள்ளிக்கூடமே போகாத அம்முச்சி விரலால் தொட்டுக் கண்டுபிடித்ததை நான் புத்தகத்தில் தேடித்தான் தெரிந்து கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது சொல்லக் கூச்சமான விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பத்தாம் வகுப்பில் நான் பள்ளியில் இரண்டாவது இடம். கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே கணக்கும் இயற்பியலும் போய் விட்டன. இரண்டாம் செமஸ்டரில் இன்னும் இரண்டு. ஆக மொத்தம் நான்கு அரியர். வீட்டில் யாருக்கும் தெரியாது. "ரிசல்ட் என்னாச்சு கண்ணு?" என்று அப்பா கேட்டால், "இன்னும் வரலீங்ப்பா" என்பேன். பிறகு, "எல்லாம் பாஸுங்ப்பா" என்று ஒரே பொய்யாகச் சொல்லி விட்டேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வந்த 1000 ரூபாயை எடுத்து அரியர் ஃபீஸ் கட்டினேன். புக்கு வாங்கினேன் என்றேன். கட்டி எழுதியும் பாஸாகவில்லை.

ஏன் இப்படி ஆனது? யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. சொல்லப் போனால் அதற்கு நேர் எதிர். நான் கல்லூரியில் சேர்ந்ததும் அப்பா ஒரு ஷிஃப்ட்டை ஒன்றரை ஷிஃப்ட் ஆக்கிக் கொண்டார். அம்மா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார். அத்தை மோதிரத்தை அடகு வைத்துப் பணம் கொடுத்தார். சித்தப்பா தவணையில் செல்போன் வாங்கித் தந்தார். நான் படிக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டில் கூட டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். ஒறம்பரை யார் வந்தாலும், "எங்க இஞ்சினீரு" என்று அப்பா என்னைக் காட்டுவார். டிப்ளமோ என்று சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

ஒவ்வொன்றும் அன்பினால் செய்ததுதான். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எனக்கு எழுத்து தெரியாது, அத்தையின் மோதிரம்தான் தெரியும். வகுப்பில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலும் வாயில் வராது. தெரியாததைக் கேட்கவும் பயம். கேட்டால், இது கூடவா தெரியாது என்று நினைப்பார்களோ! முதல் வருடம் முழுக்க நான் வகுப்பில் எழுந்து பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்காது.

அந்த நிலையில்தான் ஒரு நாள் சாயப் பாட வகுப்பில் எங்கள் மேடம் இயற்கைச் சாயம் பற்றி நடத்தினார். பூக்களில் ஊதா, நீலம், சிவப்பு நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற பொருள் என்று சொல்லி விட்டு, பெட்டூனியாவை உதாரணம் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுச் செடி அல்லவா!

மேடம் சொன்னது இதுதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒரு கம்பெனியில் ரிச்சர்ட் ஜோர்கென்சன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் பெட்டூனியாவின் ஊதா நிறத்தை இன்னும் அழுத்தமாக்க நினைத்தார்கள். நிறம் உண்டாக்கும் வேலையில் முக்கியமான மரபணு ஒன்று உண்டு. அதையே கூடுதலாக இன்னொரு தடவை செடிக்குள் செலுத்தினார்கள். நாம் சாயத்தைக் கூடக் கொஞ்சம் போட்டால் ஷேடு டார்க் ஆகும் அல்லவா? அதே கணக்கு. ஆனால் பூத்த பூவைப் பார்த்தால்... அப்படிச் செய்த செடிகளில் நூற்றுக்கு 42-ல் பூ முழு வெள்ளையாகவோ, வெள்ளைத் திட்டுகளுடனோ வந்தது! கூடுதலாகப் போட்ட மரபணு வேலை செய்யாதது மட்டுமல்ல, செடியிடம் முதலிலேயே இருந்த மரபணுவும் சேர்ந்து வாயை மூடிக் கொண்டது. 1990-ல் இதை அவர்கள் கட்டுரையாக வெளியிட்டார்கள். நெதர்லாந்திலும் அதே வருடம் இன்னொரு குழு இதையே கண்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரே கட்டளை அளவுக்கு மீறி வந்தால், வைரஸ் வந்தால் செய்வது போலவே செல் அந்தச் செய்தியைத் துண்டு துண்டாக வெட்டி விடுகிறது. தன்னுடைய சொந்தச் செய்தியையும் சேர்த்து வெட்டி விடுகிறது. 1998-ல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ என்ற இருவர் ஒரு சிறு புழுவில் இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார்கள். 2006-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2018-ல் இந்த வழியில் வேலை செய்யும் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. மனுஷனுக்கு மருந்தாகிற அளவுக்குப் போன விஷயத்துக்கு முதல் தடயங்களில் ஒன்று, தொட்டியில் வெளுத்துப் போன ஒரு பூ!

எல்லோரும் நோட்டில் எழுதிக் கொண்டிருந்தார்கள். நான் எழுதவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து விட்டது. பக்கத்தில் இருந்தவள், "என்னடி ஆச்சு?" என்றாள். தூசி என்றேன்.

அந்த சனிக்கிழமை அப்பா சம்பளம் வாங்கி வந்து, வழக்கம் போல முதலில் என் கையில் 500 ரூபாய் கொடுத்தார். வாங்கப் பிடிக்கவில்லை. மறுநாள் ஞாயிறு. அப்பாவுக்கு லீவு. அம்மாவும் அன்றைக்கு அதிசயமாக வீட்டில் இருந்தார். வகுப்பில் சொன்னதைச் செய்து காட்டுகிறேன் என்று, ஊதாப் பூவைக் கசக்கிச் சுடுதண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரை மூன்று டம்ளரில் ஊற்றினேன். ஒன்றில் எலுமிச்சைச் சாறு விட்டேன். சிவப்பாக மாறியது. இன்னொன்றில் சலவை சோடாவைப் போட்டேன். பச்சையாகி விட்டது. மூன்றாவது அப்படியே இருந்தது.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, எங்க பிஎச் பேப்பராட்டவே இருக்குதே! ஆசிட்டுக்குச் செவப்பு, சோடாவுக்குப் பச்சை." உடனே ஒரு பனியன் வேஸ்ட் துண்டை எடுத்து அதில் முக்கினார். காய்ந்ததும் அலசினார். நிறம் தண்ணீரோடு போய் விட்டது. "கலரு சோக்கா இருக்குது. ஆனா துணியப் புடிக்காது" என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்போது அந்த வெள்ளைப் பூக் கதையைச் சொன்னேன். அப்பா நம்பவில்லை. "கலரச் சேத்துனா வெளுக்குமா? அதெப்புடி?" நான் எனக்குப் புரிந்த வரைக்கும் விளக்கினேன். விளக்கிக் கொண்டே வரும்போது தொண்டை அடைத்து விட்டது. "அப்பா... எனக்கும் அப்படித்தானுங்ப்பா ஆயிருச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டி விட்டேன். அரியர், பொய், ஃபீஸ் பணம், மோதிரம்... ஒன்று விடவில்லை.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "ஒரு வருசமா ஏமாத்தியிருக்கியா?" என்று அழுதார். அது நியாயமான கோபம்தான். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அந்தப் பச்சைத் தண்ணீர் டம்ளரையே பார்த்துக் கொண்டிருந்தார். அப்புறம், "எத்தன பாடம்?" என்றார்.

"நாலுங்ப்பா."

"சாயம் ஏத்தறப்ப உப்பு எதுக்கு, சோடா எதுக்குன்னு உனக்குச் சொல்லியிருக்காங்களா?"

சொல்லியிருக்கிறார்கள். உப்பு, சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணியின் மேல் இறக்கும். சோடா, இறங்கிய சாயத்தைத் துணியோடு பிடிக்க வைக்கும். அதைச் சொன்னேன்.

"அந்த சோடாவ ஒரே மூச்சாக் கொட்டுனா என்னாகும்?"

"திட்டுத் திட்டாப் புடிக்குமுங்ப்பா."

"அல்ல? நான் வேலைக்கு வந்த புதுசுல, சீக்கிரம் முடிச்சுப்போட்டு ஊட்டுக்குப் போலாம்னு அப்புடித்தான் கொட்டுனேன். ஒரு லாட்டே போச்சு. மாஸ்டரு அன்னைக்குச் சொன்னாரு, கொஞ்சங் கொஞ்சமா, நேரம் உட்டு உட்டுப் போடோணும்டான்னு. துணிக்குத் தெரிஞ்ச நாயம் புள்ளைக்குத் தெரியாமப் போச்சு எனக்கு. எல்லாருமாச் சேந்து உனக்கு ஒரே மூச்சாக் கொட்டிப்போட்டோம் சாமி."

மூன்றாம் வகுப்புப் படித்தவர் சொன்னது இது. நான் அன்றைக்கு அழுதது போல அதற்கு முன்னும் அழுததில்லை, பின்னும் அழுததில்லை.

அப்பா அதோடு விடவில்லை. "பொய் சொன்னது தப்புத்தான். அத மறக்க மாட்டேன்" என்றும் சொன்னார். பிறகு, "இதுல எதக் கொறைக்கோணும், நீயே சொல்லு" என்றார். நான் மூன்று சொன்னேன். ஒறம்பரை முன்னால் இஞ்சினீர் என்று சொல்ல வேண்டாம். நான் படித்து முடிக்கும் வரை தூங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டாம். அம்மா ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போக வேண்டாம். முதல் இரண்டும் நடந்தன. மூன்றாவது முழுதாக நடக்கவில்லை. அத்தையின் மோதிரத்தை மீட்க வேண்டியிருந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு என்று அம்மா குறைத்துக் கொண்டார்.

நான்கு அரியரையும் ஒன்றாக எழுதி ஒன்றாகத் தோற்றுக் கொண்டிருந்தவள் நான். "ரெண்டு ரெண்டாப் போடு" என்றார் அப்பா. அப்படியே செய்தேன். வகுப்பிலும் தெரியாததைத் தெரியாது என்று கேட்கப் பழகினேன். முதல் தடவை கேட்டபோது முழங்கால் நடுங்கியது. யாரும் சிரிக்கவில்லை. இயற்பியலும் இன்னொன்றும் அந்த ஏப்ரலில் போயின. அடுத்த தேர்வில் கணக்கில் ஒன்று போனது. எனக்கு 47 மார்க். அப்பா அதைக் கேட்டு விட்டு, "47-ன்னா பாஸுத்தான?" என்று ஒன்றுக்கு இரண்டு தடவை உறுதி செய்து கொண்டார். இதை எழுதும்போது கையில் இன்னும் ஒரு கணக்குப் பேப்பர் இருக்கிறது. பாஸாகி விட்டேன் என்று கட்டுரையை முடிக்க ஆசைதான். ஆனால் பழைய பொய்யே போதும்.

செடி என்ன ஆனது என்று கேட்பீர்கள். வண்டிக்காரர் சொன்ன மாதிரியே பங்குனி வெயிலில் போய் விட்டது. நல்ல தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர் ஊற்றியதும் காரணமாக இருக்கலாம். நுனி கருகிக் கொண்டே வந்தது. போவதற்கு முன் காய்களில் இருந்த விதையைக் காகிதத்தில் மடித்து வைத்தேன். கசகசாவை விடவும் பொடி. மூச்சு விட்டாலே பறந்து விடும். ஐப்பசியில் தூவினேன். முளைத்ததில் நான்கு செடி தேறியது. கடையில் விற்பது கலப்பு விதைச் செடி என்பதால் தாய் மாதிரியே வரும் என்று சொல்ல முடியாது. இரண்டு ஊதா, ஒன்று ரோஸ், ஒன்று வெள்ளை.

வெள்ளையைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கவலை வந்து விட்டது. "இதும் வெளுத்துப் போச்சா கண்ணு?"

"இல்லீங்ம்மா. இதுக்கு நெறமே வெள்ளைதானுங்க. பாட்டி வழியில வந்தது. சாயங்காலம் மோந்து பாருங்க, லேசா வாசம் வரும்."

அம்மா மோந்து பார்த்தார். "ஆமா கண்ணு" என்றார்.

நண்பர்களே, என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். பெட்டிக்குள் அரியர் தாளை ஒளித்து வைத்திருந்தால் எடுத்து வீட்டில் காட்டி விடுங்கள். திட்டுவார்கள். அழுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் நினைக்காத ஒரு வார்த்தையும் சொல்லுவார்கள். இந்த மலரை வாசிக்கிற பெற்றோர் யாராவது இருந்தால், நீங்கள் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறேன். கொஞ்சம் நேரம் விட்டு விட்டுக் கொடுங்கள், அவ்வளவுதான்.

மலர் அச்சாகி வந்ததும் இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். மாஸ்டர் சொன்ன வார்த்தை புஸ்தகத்தில் வந்து விட்டது என்று சொன்னால் நம்புவாரோ என்னவோ!